அந்நியபாஷை பேசாதவர் இரட்சிக்கப்பட்டவரா? கொழும்புப் பெந்தெகொஸ்தே சபைகளில் எது மாறுகிறது?

பொரளைச் சந்தி (இழையைத் தொடங்கியவர்)

கொழும்புச் சபைகளில் இப்போது இரண்டு விதமான பிரசங்கம் கேட்கிறது. ஒரு மேடையில் "அபிஷேகம் பெறாதவனுக்குப் பரலோகத்தில் இடமில்லை" என்கிறார்கள். (அபிஷேகம் என்றால் பரிசுத்த ஆவியின் ஞானஸ்நானம். அதற்கு அடையாளமாகச் சொல்லப்படுவது அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்றிராத பாஷையில் பேசுவது.) அடுத்த தெருவில் "மெதடிஸ்த சபையிலும் கத்தோலிக்கக் கோவிலிலும் கர்த்தருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்கிறார்கள். இரண்டுமே பெந்தெகொஸ்தே மேடைகள். கேட்கிற சனம் குழம்பிப்போகிறது. கல்யாணம், ஞானஸ்நானம், செத்தவீடு என்று வரும்போது அந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இரட்சிப்பைப் பற்றிய உபதேசமே மாறிவிட்டதா, அல்லது உபதேசம் அப்படியே இருக்க மனப்போக்கு மட்டும் இளகியிருக்கிறதா? ஆதாரத்தோடு எழுதுங்கள். எந்தச் சபையையும் பெயர் சொல்லித் தாக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை வேதமாணவன்

ஐயா, நாம் மூன்று கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். இரட்சிக்கப்பட்டவர் யார்? ஆவியின் அபிஷேகம் பெற்றவர் யார்? நம்முடைய ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடியவர் யார்? மூட்டையை அவிழ்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இப்போது நடக்கிற மாற்றமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வரலாற்றைப் பாருங்கள். 1906இல் லொஸ் ஏஞ்சலிஸ் அசூசா வீதியில் பெந்தெகொஸ்தே இயக்கத்தைப் பரப்பிய வில்லியம் சீமோரின் கூட்டங்கள் நடந்தபோது அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே மனந்திரும்பிய விசுவாசிகள். இரட்சிப்புக்குப் பிறகு வல்லமை வேண்டும் என்றே அவர்கள் காத்திருந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகளின் அமைப்பான அசெம்பிளிஸ் ஒஃப் கோட் 1914இல் உருவானது. 1916இல் எழுதிய விசுவாச அறிக்கையில் இரட்சிப்பு ஒரு பிரிவு, பரிசுத்த ஆவியின் ஞானஸ்நானம் வேறொரு பிரிவு. அந்நியபாஷையை ஆவியின் ஞானஸ்நானத்துக்கு முதல் அடையாளமாகத்தான் அந்த அறிக்கை வைத்தது. இரட்சிப்புக்கு அடையாளமாக வைக்கவில்லை. அதாவது "பாஷை பேசாதவன் இரட்சிக்கப்படவில்லை" என்பது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருக்கிற ஒரே தேவனை நம்புகிற திரித்துவப் பெந்தெகொஸ்தே சபைகளின் எழுதப்பட்ட உபதேசமாக ஒருநாளும் இருந்ததில்லை. மேடையில் சூடேறும்போது வாயில் வந்து, கேட்டுக் கேட்டு உபதேசம் போல ஆகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்றால், அபிஷேகக் கூட்டத்தில் காத்திருக்கிறவர்களை "இன்னும் எதையோ அறிக்கையிடாமல் வைத்திருக்கிறாய்" என்று நெருக்குகிறார்கள். மூன்று நான்கு கூட்டங்களுக்குப் பிறகும் பாஷை வராதவர் தன்னுடைய மனந்திரும்புதலையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். அந்த நிலையில் ஒன்றில் பக்கத்திலிருப்பவரின் சத்தத்தைக் கேட்டு அதையே திருப்பிச் சொல்வார், இல்லாவிட்டால் சபையை விட்டே போய்விடுவார். இரண்டுமே இழப்புத்தான். அபிஷேகம் தேடுகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "நீ ஏற்கெனவே பிள்ளை" என்பது. அதைச் சொல்லிவிட்டுக் கையை வைத்தால் பயம் போய்விடும், ஏக்கம் நிற்கும்.

பெந்தெகொஸ்தேக்காரர் எல்லாரும் ஒரே கணக்கும் வைத்திருக்கவில்லை. பரிசுத்தமாக்கப்படுதல் தனி அனுபவம், அபிஷேகம் அதற்கும் பிறகு என்று மூன்று படி வைத்தவர்கள் ஒரு பக்கம். 1910 அளவில் வில்லியம் டர்ஹம் "சிலுவையிலேயே எல்லாம் முடிந்தது" என்று போதித்த பிறகு இரண்டு படியோடு நின்றவர்கள் மறுபக்கம். நம் ஊரிலேயே 1920களில் பாஸ்டர் போலும் அல்வின் டி அல்விசும் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனில் வெள்ளை உடை, விவாகம் செய்யாத ஊழியர், விசுவாச வீட்டில் கூட்டு வாழ்க்கை என்று முழு அர்ப்பணம் பெரிய இடம் பெற்றது. சீயோன், புதிய எருசலேம் என்று நித்தியத்திலும் நிலைகள் உண்டு என்கிற போதனை அங்கிருந்து தமிழ்நாடு வரை பரவியது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு "இரட்சிக்கப்பட்டவர்" என்ற சொல்லே ஒரு படிக்கட்டாகத்தான் காதில் விழும்.

சத்தியவழி

சகோதரரே, வரலாறு சரி. பயம் எனக்கு வேறு இடத்தில். "எல்லா இடத்திலும் கர்த்தருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று மேடையில் சொன்னால், கேட்கிறவர் "அப்படியானால் மனந்திரும்பத் தேவையில்லை" என்று எடுத்துக்கொள்வார். இயேசுவாலேயன்றி இரட்சிப்பு இல்லை என்கிற யோவான் 14:6உம் அப்போஸ்தலர் 4:12உம் நம் வேதத்தில் இன்னும் இருக்கின்றன. பெயர்க் கிறிஸ்தவம் என்று ஒன்று உண்டு. குழந்தையில் தண்ணீர் தெளித்து, பதினைந்து வயதில் உறுதிப்பூசுதல் செய்து, பிறகு கல்யாணத்துக்கும் கிறிஸ்மசுக்கும் மட்டும் வருகிறவரிடம் "நீ இரட்சிக்கப்பட்டவன்" என்று சொல்வது அன்பா? சகிப்பு என்ற பெயரில் எச்சரிக்கையை மூடி வைத்தால் அந்த ஆத்துமாவுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

கொட்டாஞ்சேனை வேதமாணவன்

பெயர்க் கிறிஸ்தவம் நம் சபையிலும் உண்டு, ஐயா. பாஷை பேசி, தசமபாகம் கொடுத்து, கூடப்பிறந்த சகோதரனோடு பத்து வருடம் பேசாமல் இருக்கிறவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது? எச்சரிக்கை தேவை. அதைச் சபையின் பெயர்ப்பலகை பார்த்துக் கொடுக்காமல் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இயேசுநாமம்

திரித்துவத்தை ஏற்காமல், இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிற ஒருத்துவ விசுவாசிகள் தரப்பிலிருந்து எழுதுகிறேன். எங்களை எல்லாரும் "மற்ற யாரும் பரலோகம் போகமாட்டார்கள் என்கிற கூட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு இலேசானதல்ல.

1913இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பக்கத்தில் அரோயோ செக்கோ முகாம் கூட்டத்தில், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒரு போதனை எழுந்தது. 1916 அறிக்கை திரித்துவத்தை எழுதி உறுதி செய்ததும் 150க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அசெம்பிளிஸ் ஒஃப் கோட்டை விட்டு வெளியேறினார்கள். 1945இல் இரண்டு ஒருத்துவ அமைப்புகள் இணைந்து யுனைடெட் பெந்தெகொஸ்தே சபை உருவானது. அந்த இரண்டுக்குள்ளேயே இரட்சிப்பைப் பற்றி ஒரே கருத்து இல்லை. மனந்திரும்புதல், இயேசு நாம ஞானஸ்நானம், பாஷையோடு ஆவியின் அபிஷேகம் மூன்றும் சேர்ந்ததுதான் மறுபிறப்பு என்று ஒரு தரப்பில் பலர் நம்பினார்கள். மனந்திரும்பி விசுவாசித்த நேரத்திலேயே மறுபிறப்பு, மற்றவை முழுமைக்கு என்று மறுதரப்பில் பலர் நம்பினார்கள். அதனால்தான் வேறுபட்ட கருத்தைச் சண்டையாக்கிச் சரீரத்தைப் பிளக்கக் கூடாது என்ற வாசகத்தை அடிப்படை உபதேசத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். பிறகு முதல் தரப்பு மேலோங்கியது. அடிப்படை உபதேசத்தை ஏற்பதாக ஊழியர்கள் தொடர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று 1992இல் தீர்மானித்தபோது பலர் விலகிப்போனார்கள்.

பழைய ஒருத்துவ ஊழியர்களிடையே "வெளிச்சம்" பற்றிய போதனையும் இருந்தது. தான் பெற்ற வெளிச்சத்தின்படி உண்மையாக நடந்தவரைக் கர்த்தர் தள்ளமாட்டார் என்பது அதன் சாரம். அப்படியென்றால் லூதரும் வெஸ்லியும் நரகத்திலா என்ற கேள்வி அவர்களையும் உறங்கவிடவில்லை. ஆகவே இன்று எங்கள் வாலிபர் கேட்கிற கேள்வி புதிதல்ல. நூறு வருடமாக இருப்பதுதான், இடையில் சத்தமாகக் கேட்க முடியாமல் போயிருந்தது.

என்னுடைய சொந்த நிலை: மனந்திரும்பி, இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுங்கள், ஆவியைப் பெறுவீர்கள் என்று பேதுரு சொன்ன அப்போஸ்தலர் 2:38ஐ அப்படியே போதிப்பேன், கைவிடமாட்டேன். ஆனால் திரித்துவ சகோதரன் நரகத்துக்குப் போவான் என்று தீர்ப்பு எழுதுகிற வேலை பேதுருவுக்கும் கொடுக்கப்படவில்லை, எனக்கும் கொடுக்கப்படவில்லை.

கொட்டாஞ்சேனை வேதமாணவன்

மேலே எழுதியவருக்கு நன்றி. 2:38ஐ இரண்டு பக்கமும் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒருமுறை விரித்துப் பார்ப்போம், தர்க்கம் அங்கேதான் முட்டுகிறது.

தமிழ் வேதத்தில் "பாவமன்னிப்புக்கென்று" என்று இருக்கிறது. மன்னிப்பைப் பெறுவதற்காக என்ற ஒரே பொருள்தான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். கிரேக்கத்தில் அங்கே நிற்பது "எய்ஸ்" என்ற சிறிய முன்னிடைச்சொல். நினிவே மக்கள் யோனாவின் பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பினார்கள் என்ற மத்தேயு 12:41இலும் அதே சொல்தான். பிரசங்கத்தைப் பெறுவதற்காக மனந்திரும்பினார்கள் என்று அங்கே யாரும் மொழிபெயர்க்க முடியாது. ஆகவே "மன்னிப்பை முன்னிட்டு" என்றும் வாசிக்கலாம் என்பது திரித்துவ தரப்பு வாதம். சொல்லின் வழக்கமான பொருள் "அதற்காக" என்பதே என்று ஒருத்துவ தரப்பு சொல்கிறது. அதுவும் இலேசாகத் தள்ளக்கூடிய வாதமல்ல.

ஒரு சொல்லை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரிசையைப் பாருங்கள். 8ஆம் அதிகாரத்தில் சமாரியர் முதலில் ஞானஸ்நானம் பெற்றார்கள், ஆவி பிறகு வந்தார். 10ஆம் அதிகாரத்தில் யூதரல்லாத கொர்நேலியு வீட்டில் பேதுரு பேசி முடிப்பதற்குள்ளேயே ஆவி இறங்கினார், தண்ணீர் பிறகுதான். 19இல் எபேசுவில் யோவானின் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள், கை வைத்தபோது ஆவி வந்தார். மூன்று இடத்திலும் ஒரே வரிசை இல்லை. கொர்நேலியு வீட்டில் நின்றபோது, தேவன் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவரைத் தண்ணீரிலிருந்து விலக்கலாமா என்றுதான் பேதுரு கேட்டார். "முதலில் நம் ஒழுங்குக்குள் வா" என்று சொல்லவில்லை. சகிப்பு வேண்டும் என்கிறவர்கள் உலக வழக்கத்தைக் கடன் வாங்குகிறார்கள் என்பது தவறு. அவர்கள் நிற்பது அப்போஸ்தலர் 10இல்.

அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே ஆய்வாளர் சங்கத்தின் கீழ் 2002 முதல் 2007 வரை ஒருத்துவ, திரித்துவ இறையியலாளர் ஒரே மேசையில் அமர்ந்து பேசினார்கள். அறிக்கை 2008இல் வந்தது. ஞானஸ்நான வாசகத்தில் ஒத்துப்போகவில்லை. அதை மறைக்காமல் எழுதியதுதான் அந்த அறிக்கையின் பலம்.

கொச்சிக்கடை செவ்வாய்

கத்தோலிக்கச் சபைக்குள்ளேயே இருந்து ஆவியின் வரங்களைத் தேடுகிற அருங்கொடை இயக்கத்திலிருந்து ஓர் இடையீடு. 1967இல் பிட்ஸ்பர்க் டுகேன் பல்கலைக்கழக மாணவர்களிடம் தொடங்கிய அந்த எழுப்புதல்தான் இந்த மாற்றத்தில் பெரிய பங்கு வகிக்கிறது. பெந்தெகொஸ்தேக்காரருக்கு அது கொர்நேலியு வீடு மாதிரி. செபமாலை சொல்கிறவர்கள் பாஷை பேசினால் என்ன செய்வது? ஒன்றில் "அது பொய்யான ஆவி" என்று சொல்ல வேண்டும், அல்லது தங்கள் எல்லைக்கோட்டைத் திருத்த வேண்டும்.

பெந்தெகொஸ்தே ஊழியர் டேவிட் டு பிளெசி திருத்தினார். உலகத் திருச்சபை மன்றத்தோடு பழகியதற்காக 1962இல் அவருடைய ஊழியச் சான்றை அசெம்பிளிஸ் ஒஃப் கோட் திரும்பப் பெற்றது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964 அமர்வுக்கு அவர் விருந்தினராகப் போனார். 1972இல் கத்தோலிக்க பெந்தெகொஸ்தே உரையாடலை கிலியன் மக்டொனல் அடிகளோடு சேர்ந்து தொடங்கினார். 1980இல் சான்று திரும்பக் கிடைத்தது. ஒரே மனிதர், ஒரே அமைப்பு, 18 வருடம்.

அந்த உரையாடலின் நான்காம் கட்டம் 1990 முதல் 1997 வரை, ஆள் சேர்ப்பதைப் பற்றியே நடந்தது. அதில் ஒரு வரி கொழும்புக்கு அப்படியே பொருந்தும்: தங்கள் சமூகத்தின் இலட்சிய வடிவத்தை மற்றச் சமூகத்தின் பலவீனத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது நேர்மையற்றது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நாங்கள் உங்கள் சபையின் காணிக்கைப் பிரச்சினையை மட்டும் பேசுவதும், நீங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி வரிசையை மட்டும் பேசுவதும் இதற்குள் அடங்கும்.

சத்தியவழி

அந்த வரி நியாயமானது. ஏற்றுக்கொள்கிறேன்.

காலி வீதி மூப்பர்

உபதேசத்தை நன்றாகக் கதைத்துவிட்டீர்கள். சபை நடத்துகிறவருக்கு இது நாலு வாசலில் வந்து நிற்கும்: ஞானஸ்நானம், கர்த்தருடைய பந்தி, கல்யாணம், செத்தவீடு. எங்கே பிழை நடக்கிறது என்று எழுதுகிறேன்.

வேறு சபையிலிருந்து வருகிறவரை முதலில் மூன்றாகப் பிரித்து விசாரிக்க வேண்டும். விசுவாச அறிக்கையோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பழைய சபையிலிருந்து கடிதம் போதும், மறுபடி முழுக்க வேண்டியதில்லை. குழந்தையில் பெற்றவராக இருந்தால் நம் ஒழுங்குப்படி முழுக்கு உண்டு. ஆனால் வந்த மாதமே அல்ல. குறைந்தது ஆறு வாரம் படிப்பு, ஒரு வீட்டுச் சந்திப்பு, வீட்டில் பெற்றோர் இருந்தால் அவர்களோடும் ஒரு பேச்சு. மூன்றாவது, ஒருத்துவ சபையில் முழுக்கு எடுத்தவர். இங்கே போதகருக்குப் போதகர் வேறுபடும். எழுதி வைத்த முடிவு ஒன்று சபைக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆளைப் பார்த்து முடிவு மாறினால் அடுத்த நாளே கதை வரும்.

பிழை நடப்பது தண்ணீரில் இல்லை, ஒலிவாங்கியில். முழுக்குக்கு முன் சாட்சி சொல்ல விடுவார்கள். அவர் "இதுவரை நான் இருளில் இருந்தேன், அந்த ஞானஸ்நானம் பொய்" என்பார். பின்வரிசையில் அவருடைய கத்தோலிக்கத் தாய் இருப்பார். அந்தத் தாய்தான் குழந்தையாக இருந்தவனைக் கையில் ஏந்திப் போய்த் தண்ணீர் ஊற்றக் கொடுத்தவர், முழங்காலில் நின்று செபிக்கவும் கற்றுக்கொடுத்தவர். அன்றோடு அவர் இந்த வாசலை மிதிக்கமாட்டார். ஆகவே சாட்சியை முதலே எழுதி வாங்குங்கள், இரண்டு நிமிடம், இயேசு தனக்குச் செய்ததை மட்டும். பழைய சபையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். முடிந்தால் "எனக்கு முதலில் செபம் சொல்லிக்கொடுத்தது என் அம்மா" என்ற வரி வரட்டும், அது உண்மையும்கூட.

பந்தி இலகு. யார் எடுக்கலாம் என்பதை அப்பம் பிட்ட பிறகு சொல்லாமல் பாட்டுக்கு முன்பே ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். நம்மவர் கத்தோலிக்கப் பூசைக்குப் போனால் நற்கருணை வாங்காமல் இருக்கையில் இருக்கட்டும். அவர்களுடைய ஒழுங்கு அது, அதில் கோபிக்க ஒன்றுமில்லை.

கல்யாணத்தில் 2 கொரிந்தியர் 6:14இன் அந்நிய நுகத்தை மெதடிஸ்தப் பிள்ளைக்கும் அங்கிலிக்கன் பிள்ளைக்கும் போடுகிறார்கள். அந்த வசனம் அவிசுவாசியைப் பற்றியது. பிள்ளையிடம் விசுவாசம் உண்டா என்று கேளுங்கள், சபைப் பெயரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

செத்தவீடுதான் கடினம்.

முகத்துவாரம்

மூப்பர் ஐயா, செத்தவீட்டைக் கொஞ்சம் விரித்து எழுதுவீர்களா? குடும்பத்தில் மூத்த மகன் மட்டும் சபைக்கு வந்தவர், மற்ற எல்லாரும் சைவம் என்றால் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது யார்? கனபேர் கேட்கிற கேள்வி.

காலி வீதி மூப்பர்

தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இதைக் கதைத்து வைப்பதுதான் நல்லது, தங்கச்சி. மகன் தாய்மாமனிடமோ சித்தப்பாவிடமோ நேரே போய், "கிரியையில் நான் மந்திரம் சொல்லி நிற்க என் விசுவாசம் இடங்கொடாது. ஆனால் செலவு, ஓட்டம், சாப்பாடு, பாடை தூக்குவது எல்லாம் என்னுடைய பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். வார்த்தையில் இந்த ஒழுங்கு முக்கியம்: எதைச் செய்யமாட்டேன் என்பதை ஒரு வரியில் முடித்து, எதைச் செய்வேன் என்பதை விரித்துச் சொல்வது. கொள்ளியைத் தம்பியோ மருமகனோ பெறாமகனோ வைக்கலாம், குடும்பங்களில் அதற்கு வழி உண்டு.

மலர்ச்சாலையில் உடல் வைத்திருக்கும்போது சபை வந்து செபிக்க விரும்பினால், குடும்பத்து மூத்தவரிடம் நேரம் கேட்டு, ஐயர் வருவதற்கு முதலே பதினைந்து நிமிடம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், குடும்பத்துக்கு ஆறுதலாக ஒரு செபம். இரட்சிப்பின் அழைப்பு அந்த இடத்தில் வேண்டாம். பிரேதத்துக்கு முன்னால் நின்று "இவர் எங்கே போனார்" என்று கேட்கிற போதகர் அந்தக் குடும்பத்தின் கதவை முப்பது வருடத்துக்குப் பூட்டுகிறார். கிரியை நடக்கும்போது மகன் வெளியே போய் நிற்காமல் தாயின் பக்கத்தில் நிற்கட்டும். நிற்பது வணக்கமாகாது. கனத்தை மயானத்துக்கும் கூடவே போகட்டும். எட்டுச் செலவிலும் அந்தியேட்டியிலும் சமையலுக்கு உதவலாம். படைத்ததைச் சாப்பிடுவதா என்பதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசித்து அவரவர் மனசாட்சிப்படி நடக்கட்டும். பவுலே அங்கே ஒரே பதில் சொல்லவில்லை.

"போகவே போகாதே" என்று தடுக்கிற சபைகள் ஐந்தாம் கற்பனையை மறந்துவிடுகின்றன. தகப்பனைக் கனம்பண்ணு என்பதற்கு அவர் சைவமா என்ற நிபந்தனை இல்லை.

பொரளைச் சந்தி

மற்ற மதத்தவரின் இரட்சிப்பையும் யாராவது தொடுங்கள். சபைக்குள் யாரும் வாய் திறக்காத விஷயம்.

கொட்டாஞ்சேனை வேதமாணவன்

சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பெந்தெகொஸ்தே இறையியல் இன்னும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது. மலேசியாவில் பிறந்த ஏமஸ் யோங் போன்ற பெந்தெகொஸ்தே இறையியலாளர்கள், மாம்சமான யாவர்மேலும் ஆவி ஊற்றப்படுவார் என்றால் மற்ற மதத்தவரிடையேயும் ஆவியானவரின் செயலைப் பகுத்தறிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பகுத்தறிதல் என்பது எல்லாவற்றையும் சரி என்று ஏற்பதல்ல. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலான சபைகள் இன்னும் இயேசுவை அறிக்கையிடுவதே ஒரே வழி என்றுதான் போதிக்கின்றன. நற்செய்தி கேளாமலே இறந்தவரைப் பற்றி, நியாயப்பிரமாணம் இல்லாதவருக்கும் மனசாட்சி சாட்சியிடும் என்கிற ரோமர் 2:14-15ஐக் காட்டி நீதியுள்ள நியாயாதிபதியின் கையில் விட்டுவிடுகிறவர்கள் பலர். எனக்கும் அதற்குமேல் சொல்லத் துணிவில்லை.

நடத்தை வேறு விஷயம், அதில் தெளிவு உண்டு. 2011இல் உலகத் திருச்சபை மன்றம், வத்திக்கான், உலகச் சுவிசேஷக் கூட்டணி மூன்றும் சேர்ந்து, பல மதத்தவர் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. ஆசை காட்டுவதும் உதவியைத் தூண்டிலாக்குவதும் நற்செய்திக்குத் துரோகம் என்பது அதன் சாரம்.

இலங்கையில் இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்று உயர் நீதிமன்றம் 2003இல் மென்சிங்கன் கன்னியர் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் வழக்கில் தீர்மானித்தது. அதை ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் ஏற்கவில்லை. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தது. 2008 ஒக்டோபர்ச் சுற்றறிக்கைக்குப் பிறகு புதிய வழிபாட்டிடத்துக்கு அமைச்சின் அனுமதி கேட்கத் தொடங்கினார்கள். வீட்டில் கூடுகிற சிறு சபைகளுக்குத்தான் அதிக அழுத்தம். அழுத்தம் வந்தபோது பக்கத்தில் நின்றவர் யார் என்று பார்த்துத்தான் பல போதகர்களின் எல்லைக்கோடு தளர்ந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று தாக்கப்பட்ட ஆலயங்கள் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். இரண்டு கத்தோலிக்க ஆலயம், ஒன்று சுயாதீன சபை. அதற்குப் பிறகு "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களா" என்று கேட்க நா எழவில்லை.

சத்தியவழி

சீயோனில் இறந்தவர்களில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பலர். அதைப் பற்றி எழுதும்போது எனக்கும் வாதம் வரவில்லை.

என் நிலையைத் திருத்தி எழுதுகிறேன். இயேசு ஒருவரே இரட்சகர் என்பதில் ஒரு எழுத்தும் குறைக்கமாட்டேன். பின்மாற்றத்தில் போகிறவரை எச்சரிப்பதையும் விடமாட்டேன். யாருடைய பெயர் ஜீவபுத்தகத்தில் இல்லை என்று மேடையிலிருந்து அறிவிப்பதை விட்டுவிடலாம். அது போதகருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரமல்ல.

மூப்பரிடம் ஒரு கேள்வி. அங்கத்துவப் படிவத்தில் "இரட்சிக்கப்பட்ட தேதி" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

காலி வீதி மூப்பர்

அந்தக் கட்டம்தான் பலரைப் பொய் எழுத வைக்கிறது. பக்தியுள்ள மெதடிஸ்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தேதி தெரியாது. இயேசுவை அறியாத நாள் ஒன்று அதற்கு ஞாபகமே இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக ஏதாவது கன்வென்ஷன் கூட்டத்தின் தேதியை எழுதும். இப்படி மாற்றலாம்: "இயேசு கிறிஸ்துவை உங்கள் இரட்சகராக எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு ஐந்து வரி இடம் விடுங்கள். கீழே "ஞானஸ்நானம்: எங்கே, எந்த வயதில், எந்த முறையில்?" அதற்குக் கீழே "ஆவியின் அபிஷேகம்: பெற்றேன் / வாஞ்சிக்கிறேன்". "இல்லை" என்ற சொல்லே வேண்டாம்.

இயேசுநாமம்

"எந்த நாமத்தில்" என்பதையும் ஞானஸ்நான வரியில் சேருங்கள். எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர் அதை மறைக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

காலி வீதி மூப்பர்

சேர்க்கலாம். கடைசி வரியாக "நீங்கள் விட்டு வரும் சபையின் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ அறிவித்தீர்களா?" என்பதையும் போட்டுவிடுங்கள். இல்லை என்றால் படிவத்தை அன்று வாங்க வேண்டாம், அறிவித்துவிட்டு வரட்டும்.